வேலை செய்கிற டிரைவரில் எதைத் தேடுவது?

கேள்வி: கோவையில் மின் மீட்டர்களின் அளவீடுகளைச் சேகரிக்கும் கருவிகளைத் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக எம்பெடட் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் புதிய போர்டில் ஒற்றை கோர் செயலி உள்ளது. அதன் சீரியல் போர்ட்டுகளுக்காக, என்னைவிடப் பத்தாண்டு மூத்தவர் லினக்ஸ் கெர்னல் 6.6ஐ அடிப்படையாகக் கொண்டு சுமார் 900 வரிகளில் ஒரு டிரைவர் (வன்பொருளைக் கெர்னலோடு இணைக்கும் நிரல்) எழுதியிருக்கிறார். சிப்பில் உள்ளது 16550ஏ போன்ற யூஆர்ட்தான் (சீரியல் போர்ட்டில் பைட்டுகளை அனுப்பிப் பெறும் சுற்று) என்றும், சில ரெஜிஸ்டர்கள் (சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்கள்) மட்டும் கூடுதல் என்றும் சொல்கிறார். இதை மெயின்லைன் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் பொதுவான அதிகாரபூர்வப் பதிப்புக்கு, அனுப்புவதற்கு முன் ரிவியூ செய்யும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிரலின் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. கெர்னல் செய்திகளை அச்சிடும் கன்சோல் விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓடுகிறது. ஆர்எஸ்-485 என்ற இருகம்பி இணைப்பு வழியாக 9600இல் மோட்பஸ் நெறிமுறையில் பேசும் மீட்டர்கள் பதில் தருகின்றன. 2400 வேகத்தில் பேசும் பழைய மீட்டர் ஒன்று மட்டும் பதில் தருவதில்லை. அது மீட்டரின் கோளாறு என்று ஒதுக்கிவிட்டோம். வேலை செய்கிற நிரலில் நான் எதைத் தேட வேண்டும்? தேடி ஏதாவது கிடைத்தால் அவரிடம் எப்படிச் சொல்வது? முக்கியமான பகுதிகளை இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இணைத்திருந்த பகுதிகளை இரண்டு முறை படித்தேன். நிரல் சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. பெயர்கள் தெளிவாக உள்ளன. இடையில் ஏதேனும் தவறினால் அதுவரை பெற்ற நினைவகத்தையும் கிளாக்கையும் முறையாகத் திருப்பிக் கொடுக்கிறது. வரிவரியாகப் படித்தபோது உங்களுக்கு ஒன்றும் உறுத்தாததில் வியப்பில்லை. சீரியல் டிரைவர் தவறும் இடம் பெரும்பாலும் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஓர் இன்டரப்ட் (வன்பொருள் செயலியை இடைமறிக்கும் அழைப்பு) நுழையலாம், இன்னொரு கோர் நுழையலாம், அல்லது நிரல் முடிந்துவிட்டது என்று நம்பும் வேளையில் கம்பியில் இன்னும் ஒரு பைட் போய்க்கொண்டிருக்கலாம்.

ஆகவே வேறு விதமாகப் படியுங்கள். நிரலைத் தாளில் அச்சிட்டுக்கொண்டு, ரெஜிஸ்டரைத் தொடும் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில், இதே நேரத்தில் இங்கே வேறு யார் வரக்கூடும், இந்த வாசிப்போ எழுத்தோ எதை அழிக்கிறது, கம்பியில் இதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். 900 வரியில் இப்படிப்பட்ட இடங்கள் அதிகம் இருக்காது. ஒரு முழு நாள் போதும். நானும் உங்கள் நிரலை அப்படித்தான் படித்தேன்.

முதலில் உங்கள் மீட்டரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆர்எஸ்-485 இணைப்பில் இரண்டு கம்பிகளையும் அனைவரும் பகிர்ந்துகொள்வதால், அனுப்பி முடித்தவர் உடனே கம்பியை விட்டுவிட வேண்டும். உங்கள் டிரைவர், அனுப்பும் ஃபைஃபோ (எழுத்துகள் வரிசையாகக் காத்திருக்கும் சிறு பஃபர்) காலியானது என்ற இன்டரப்ட் வந்ததும், டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) கொடுத்த 2 மில்லிவிநாடி தாமதத்துக்குப் பிறகு, அனுப்பும் திசையைக் கட்டுப்படுத்தும் ஆர்டிஎஸ் கோட்டை மாற்றிக் கம்பியை விடுகிறது. ஆனால் 16550 வகை யூஆர்ட்டில் ஃபைஃபோ காலியாவதும் அனுப்புதல் முடிவதும் வெவ்வேறு நிகழ்வுகள். லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் இவற்றுக்கு இரண்டு தனித்தனி பிட்டுகள் உள்ளன. சுழியத்திலிருந்து எண்ணும்போது ஐந்தாவது பிட் ஃபைஃபோ காலி என்கிறது. ஆறாவது பிட் ஃபைஃபோவும், பைட்டைப் பிட் பிட்டாகக் கம்பிக்கு அனுப்பும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரும் சேர்ந்தே காலி என்கிறது. ஐந்தாவது பிட் எழும் கணத்தில் கடைசி பைட் ஏறத்தாழ முழுமையாக ஷிஃப்ட் ரெஜிஸ்டரில்தான் இருக்கிறது. கம்பியில் அது புறப்படவே இல்லை என்று சொன்னாலும் தவறில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். பாரிட்டியோடு சேர்த்து ஓர் எழுத்துக்கு 11 பிட். 9600 வேகத்தில் அது 1.15 மில்லிவிநாடி, உங்கள் 2 மில்லிவிநாடி தாமதத்துக்குள் கடைசி பைட் தப்பித்துப் போய்விடுகிறது. 2400 வேகத்தில் அதே எழுத்துக்கு 4.58 மில்லிவிநாடி. அது பாதி வழியில் இருக்கும்போதே டிரைவர் கம்பியை விட்டுவிடுகிறது. மோட்பஸ் ஆர்டியூ செய்தியில் கடைசியாகப் போவது, பிழையைக் கண்டறிய உதவும் சிஆர்சியின் இரண்டாவது பைட். அது சிதைந்தால், விதிப்படி மீட்டர் அந்தச் செய்தியை ஓசையில்லாமல் புறக்கணிக்க வேண்டும். உங்கள் பழைய மீட்டர் விதிப்படி நடந்துகொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதற்குத் தாமதத்தை 5 மில்லிவிநாடி ஆக்கிவிடலாமே என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மோட்பஸில் ஒரு செய்தி முடிந்ததற்கு அடையாளம் மூன்றரை எழுத்து நேர மௌனம். 9600இல் அது சுமார் 4 மில்லிவிநாடி. 19200க்கு மேல் 1.75 மில்லிவிநாடி என்று நிலையாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறார்கள். அதாவது உங்கள் 2 மில்லிவிநாடி 2400க்குப் போதாது, 115200க்கோ அதிகம்: அங்கே மீட்டர் பதில் சொல்லத் தொடங்கும்போதும் நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரே நிலையான எண்ணால் இரண்டையும் சரிசெய்ய முடியாது. ஷிஃப்ட் ரெஜிஸ்டர் காலியானதற்கென்று 16550இல் தனி இன்டரப்ட் கிடையாது என்பதால்தான் இந்தத் தவறு இவ்வளவு பரவலாக நிகழ்கிறது. உங்கள் சிப்பின் கூடுதல் ரெஜிஸ்டர்களில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால், மெயின்லைனில் 16550 வகை யூஆர்ட்டுகளுக்காக உள்ள 8250 டிரைவர் செய்வதுபோல, நடப்பு வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு டைமரோடு கூட்ட வேண்டும். பயனர் கேட்கும் தாமதம் அதற்கு மேல் வரட்டும்.

அடுத்து, வாசிப்பு எதை அழிக்கிறது என்ற கேள்வி. நினைவகத்தைப் படித்துப் பழகியவர்களுக்கு இது உடனே உறைப்பதில்லை. நினைவகத்தில் ஒரு மதிப்பைப் பத்து முறை படித்தாலும் அது அப்படியே இருக்கும். யூஆர்ட்டில் அப்படி இல்லை. பெறும் பஃபரைப் படித்தால் ஓர் எழுத்து ஃபைஃபோவிலிருந்து வெளியேறிவிடுகிறது. இன்டரப்ட் அடையாள ரெஜிஸ்டரைப் படித்தால், அந்த நேரத்தில் அது காட்டும் காரணம் அனுப்பும் ஃபைஃபோ காலி என்பதாக இருக்கும்பட்சத்தில், அந்த இன்டரப்ட் தீர்ந்துவிடுகிறது. லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்தால் ஓவர்ரன் (இடமின்றி எழுத்து தொலைதல்), பாரிட்டி, ஃப்ரேமிங் பிழைகளையும், பிரேக்கையும் (மறுமுனை கம்பியை நீண்ட நேரம் தாழ்த்திவைக்கும் சைகை) காட்டும் நான்கு பிட்டுகளும் அழிந்துவிடுகின்றன.

உங்கள் கன்சோல் எழுதும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் அனுப்புவதற்கு முன், இடம் இருக்கிறதா என்று அது லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது; தனக்குத் தேவையான ஐந்தாவது பிட்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை உதறிவிடுகிறது. கெர்னல் ஒரு நீண்ட செய்தியை அச்சிட்டுக்கொண்டிருக்கும்போது மறுமுனையிலிருந்து ஒரு பிரேக் வந்தால், அதன் அடையாளத்தை அனுப்பும் பகுதி படித்து அழித்துவிடும். பெறும் பகுதிக்கு அது வந்ததே தெரியாது. பிரேக்கை அனுப்பி அவசரக் கட்டளை தர முயல்பவர் பொதுவாக எப்போது முயல்கிறார்? கெர்னல் தாறுமாறாக அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதுதான். 8250 டிரைவரில் இதற்காகவே, படித்த மதிப்பிலிருந்து அந்த நான்கு பிட்டுகளையும் ஒரு மாறியில் சேமித்துவைத்து, அடுத்த முறை பெறும் பகுதி ஓடும்போது சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் நிரலில் அது இல்லை. சோதனைக்காக எல்லா ரெஜிஸ்டர்களையும் கொட்டிக்காட்டும் ஒரு டீபக் வசதியையும் அவர் சேர்த்திருக்கிறார் என்று பார்த்தேன். அது பெறும் பஃபரையும் படிக்கிறது. போர்ட் ஓடும்போது அதைத் திறப்பவர், தான் தேடும் பைட்டைத் தானே விழுங்கிவிடுவார். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.

பூட்டுகளுக்கு வருகிறேன். பாட் ரேட் என்ற வேகத்தையும் மற்ற போர்ட் அமைப்புகளையும் மாற்றும் செட் டெர்மியோஸ் பகுதியில் அவர் ஸ்பின்லாக்கைப் (கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கிறார். ஆனால் இன்டரப்ட்டை நிறுத்தாமல் பிடித்திருக்கிறார். அனுப்பலைத் தொடங்கும் ஸ்டார்ட் டிஎக்ஸ் போன்ற பகுதிகளைச் சீரியல் கோர் (எல்லாச் சீரியல் டிரைவர்களுக்கும் பொதுவான கெர்னல் பகுதி) அழைக்கும்போது போர்ட்டின் பூட்டு ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கும்; செட் டெர்மியோஸை அழைக்கும்போது பிடித்திருக்காது, டிரைவர்தான் பிடிக்க வேண்டும். எந்தப் பகுதி எந்தப் பூட்டோடு அழைக்கப்படும் என்பது கெர்னலின் சீரியல் டிரைவர் ஆவணத்தில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆவணத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ளாமல் சீரியல் டிரைவரை ரிவியூ செய்யாதீர்கள்.

இந்தத் தவறு உங்கள் போர்டில் ஏன் வெளியே தெரியவில்லை என்பது சுவாரசியமானது. பல கோர்கள் உள்ள செயலியில், பூட்டைப் பிடித்திருக்கும் அதே கோரில் அந்த யூஆர்ட்டின் இன்டரப்ட் வந்தால், அதைக் கையாளும் ஹேண்ட்லர் அதே பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டே நிற்கும். பூட்டை விடவேண்டியவர் ஹேண்ட்லர் முடியாமல் தொடர முடியாது. அந்தக் கோர் அங்கேயே உறைந்துவிடும். ஒற்றை கோருக்காகத் தொகுத்த கெர்னலிலோ ஸ்பின்லாக் என்பது பெயரளவுக்குத்தான். சுற்றி நிற்க அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே ஹேண்ட்லர் தங்குதடையின்றி உள்ளே நுழைகிறது. வேகத்தை மாற்ற, கிளாக்கை வகுக்கும் வகுஎண்ணை எழுதும்போது லைன் கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் ஏழாவது பிட்டை எழுப்புகிறோம் அல்லவா? அது எழுந்திருக்கும்வரை, பெறும் பஃபர் இருக்கும் முகவரியில் வகுஎண்ணின் கீழ் பைட்தான் தெரியும். அந்தச் சிறிய இடைவெளியில் நுழைந்த ஹேண்ட்லர் வகுஎண்ணைப் படித்து, அதை வந்த எழுத்தாக மேலே அனுப்பிவிடும். வேகம் மாற்றும்போது எப்போதாவது ஒரு குப்பை எழுத்து வருகிறது என்று யாராவது உங்களிடம் முறையிட்டிருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். ஒரே தவறு ஒரு போர்டில் உறைவாகவும் இன்னொன்றில் குப்பையாகவும் வெளிப்படுகிறது. மெயின்லைனில் சேர்ந்தபின் இந்த டிரைவர் எந்தச் செயலியில் ஓடும் என்று உங்களால் சொல்ல முடியாது.

பூட்டைப் பிடிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் தேவை. அவர் போர்ட்டின் ஸ்பின்லாக்கை நேரடியாகப் பிடிக்கிறார். கெர்னல் 6.7 முதல் இதற்கென்று சீரியல் கோரில் தனிச் செயற்கூறுகள் உள்ளன. கன்சோலில் அச்சிடும் முறையை அடியோடு மாற்றியமைக்கும் நீண்ட வேலையின் ஒரு படி அது. அந்த வேலை, 2024இல் 6.12இல் நிகழ்நேர ஆதரவு மெயின்லைனில் முழுமையாகச் சேர வழிசெய்தவற்றில் ஒன்று. அதேபோல அவர் பயன்படுத்தும் வட்ட பஃபரை 6.10இல் நீக்கிவிட்டு கேஃபைஃபோ என்ற கெர்னலின் பொதுவான வரிசைக்கு மாறிவிட்டார்கள். ஆகவே 6.6இல் எழுதிய இந்தப் பேட்ச் (கெர்னலில் சேர்க்க அனுப்பும் மாற்றம்) இன்றைய கெர்னலில் தொகுக்கவே தொகுக்காது. இதைச் சொல்ல ஒரு வரி போதும். சண்டைக்கு இடமில்லாத குறிப்பு.

கன்சோல் பகுதியில் பூட்டு தொடர்பாக இன்னும் இரண்டு உண்டு. கெர்னல் நொறுங்கும் வேளையில் அச்சிட வரும்போது, பூட்டு ஏற்கெனவே நின்றுபோன ஒரு கோரின் கையில் இருக்கலாம். அப்போது காத்திருந்தால் கடைசிச் செய்தி வெளியே வராது. முயன்று பார்த்து, கிடைக்காவிட்டால் பூட்டில்லாமலே எழுத வேண்டும். அவர் எப்போதும் காத்திருக்கிறார். இரண்டாவது, ஹேண்ட்லர் பூட்டைப் பிடித்தபடியே அவசரக் கட்டளை எழுத்தைச் செயல்படுத்துகிறது. அந்தக் கட்டளை எதையாவது அச்சிடும். அச்சிடக் கன்சோல் அதே பூட்டைக் கேட்கும். எழுத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, பூட்டை விட்ட பிறகு செயல்படுத்தச் சீரியல் கோரிலேயே வழி இருக்கிறது.

கன்சோலில் எழுத்து போவதற்காகக் காத்திருக்கும் சுற்றுக்கு எல்லை இல்லாததையும் பார்த்தேன். அதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு சுற்றை நான் படித்து, சரி என்று கையொப்பமிட்டேன். ஃபைஃபோ காலியாகாமல் இருக்க வாய்ப்பே இல்லை என்று அப்போது நினைத்தேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த யூஆர்ட்டின் கிளாக்கை நிறுத்தும் வசதியை ஆறு மாதம் கழித்து வேறொருவர் சேர்த்தார். கிளாக் நின்ற யூஆர்ட்டில் எந்த பிட்டும் மாறாது. களத்தில் இருந்த கருவிகள், ஒரு சாதாரண எச்சரிக்கையை அச்சிடப் போய் அப்படியே உறைந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று, ஏனெனில் கருவி உறைந்த காரணத்தை அச்சிட வேண்டிய கன்சோல்தான் உறைந்திருந்தது. 8250 டிரைவர் ஓர் எழுத்துக்குச் சுமார் 10 மில்லிவிநாடியும், மறுமுனை நிறுத்திவைத்திருந்தால் 1 விநாடியும் காத்திருந்துவிட்டு மேலே போய்விடுகிறது. எழுத்து தொலையலாம், கருவி நிற்கக் கூடாது.

பாட் ரேட் கணக்கு சுருக்கமான விஷயம், ஆனால் உங்கள் போர்டில் நிச்சயம் கடிக்கும். உங்கள் யூஆர்ட்டுக்கு வரும் கிளாக் 24 மெகாஹெர்ட்ஸ். அதை 16ஆலும் கேட்ட வேகத்தாலும் வகுத்தால் 115200க்கு 13.02 வருகிறது, 13 என்று எழுதினால் பிழை 0.16 சதவீதம். 230400க்கு 6.51 வருகிறது. அவர் பின்னத்தை வெட்டிவிடுவதால் 6 ஆகி, உண்மையான வேகம் 2,50,000 ஆகிவிடுகிறது, அதாவது எட்டரை சதவீதம் அதிகம். முழுமையாக்கி 7 எழுதினாலும் 7 சதவீதம் குறைவு. தொடக்க பிட்டில் சரிபார்த்துக்கொண்ட பெறுநர், நிறுத்த பிட்டின் நடுப்பகுதியை எட்டுவதற்குள் ஒன்பதரை பிட் கடக்கிறது. அதற்குள் அரை பிட் நழுவினால் எழுத்து போயிற்று. அரை பிட் என்பது ஏறத்தாழ 5 சதவீதம். அதையும் இரு முனைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே இந்த போர்டில் 230400 எந்த வழியிலும் வராது. டிரைவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: உண்மையில் கிடைத்த வேகத்தை டெர்மியோஸில் திருப்பி எழுதினால், பயனர் எஸ்டிடிஒய் கட்டளையில் பார்த்துத் தெரிந்துகொள்வார். இப்போதைய நிரல் கேட்டதைக் கொடுத்ததாகவே காட்டுகிறது. 15 லட்சத்துக்கு மேல் கேட்டால் வகுஎண் சுழியமாகிறது. மேல் எல்லையைச் சீரியல் கோருக்குச் சொல்லிவிட்டால் அது நேராது.

பெறும் ஃபைஃபோவின் இன்டரப்ட் அளவை அவர் 14 என்று வைத்திருக்கிறார். 16 இடங்களில் 14 நிறைந்த பிறகு இன்டரப்ட் வந்தால், மிச்சம் இரண்டு எழுத்துக்கே இடம். குறைவான இன்டரப்ட் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உங்களுடையது ஒற்றை கோர். கன்சோல் 80 எழுத்து கொண்ட ஒரு வரியை 115200இல் அச்சிட 7 மில்லிவிநாடி எடுக்கிறது; அவ்வளவு நேரமும் இன்டரப்ட் நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த 7 மில்லிவிநாடிக்குள் 9600இல் பேசும் மீட்டரிடமிருந்து ஆறு எழுத்து வந்துவிடும். அளவை 8க்குக் குறைத்தால் 9 மில்லிவிநாடி தாங்கும். ஒரு போர்ட்டின் அச்சு இன்னொரு போர்ட்டின் எழுத்தை விழுங்கும் என்று நிரலை மட்டும் படிப்பவருக்குத் தோன்றாது. பென்சிலால் நேரத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

செயலியின் உதவியின்றி நினைவகத்துக்கும் யூஆர்ட்டுக்கும் இடையே தரவை மாற்றும் டிஎம்ஏ பகுதியை நான் ஆழமாகப் பார்க்கவில்லை. இந்தப் போர்டின் வேகங்களுக்கு அது தேவையும் இல்லை. முதல் முறை அனுப்பும்போது விட்டுவிடச் சொல்வேன்.

சோதனை போதுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கன்சோல் ஓடுகிறது என்றும், வேலை செய்கிற நிரல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கெர்னலை, பூட்டுத் தவறுகளைக் கண்டறியும் லாக்டெப் வசதியோடு தொகுத்து ஒருமுறை ஓட்டுங்கள். நான் மேலே சொன்ன செட் டெர்மியோஸ் தவறை, உண்மையான உறைவு நேராமலே அது சுட்டிக்காட்டிவிடும். ஹேண்ட்லரும் செட் டெர்மியோஸும் தலா ஒருமுறை ஓடினாலே போதும். பிறகு அனுப்பும் பின்னையும் பெறும் பின்னையும் ஒரு கம்பியால் இணைத்து, இடைவிடாமல் தரவு ஓட்டிக்கொண்டே வேகத்தை மாற்றுங்கள், போர்ட்டைத் திறந்து மூடுங்கள், கெர்னலை அச்சிடச் செய்யுங்கள். எழுத்துகள் தொலைகின்றனவா என்பதை ப்ராக் கோப்புமுறையில் டிடிஒய் டிரைவருக்கான கோப்பில் உள்ள ஓவர்ரன் எண்ணிக்கை காட்டிவிடும். கியூஎமு என்ற மென்பொருள் போலி இயந்திரத்தில் சோதித்தோம் என்று யாராவது சொன்னால், பூட்டுகளைப் பற்றி மட்டும் நம்புங்கள். அங்கே எழுதிய பைட் அந்தக் கணமே போய்விடுகிறது. கம்பியின் நேரம் என்பதே இல்லாத உலகம் அது, ஆர்எஸ்-485 தவறு அங்கே ஒருபோதும் தெரியாது. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும்: ஒரு சேனல் ஆர்டிஎஸ் கோட்டில், இன்னொன்று அனுப்பும் கோட்டில்.

இனி மூத்தவரிடம் சொல்வது. "சார், பூட்டு சரியாக இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது" என்று எழுதினால் அது அவருடைய திறமையைப் பற்றிய கருத்தாக அவர் காதில் விழும்; பதில் சொல்ல அவருக்குப் பிடியும் இருக்காது. நிகழ்வுகளை வரிசையாக எழுதுங்கள். "ஃபைஃபோ காலியானதும் இன்டரப்ட் வருகிறது. அப்போது கடைசி பைட் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் இருக்கிறது. 2400இல் அது வெளியேற 4.58 மில்லிவிநாடி ஆகிறது. நாம் 2 மில்லிவிநாடியில் கம்பியை விடுகிறோம். நான் ஏதாவது தவறவிட்டேனா?" இந்த நான்கு வாக்கியங்களில் ஒன்று தவறாக இருந்தால் அவர் அதைச் சுட்டிக்காட்டுவார், நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். நான்கும் சரியென்றால் அவரே திருத்திவிடுவார். முப்பது குறிப்புகளை ஒரே மாலையில் கொட்டாதீர்கள். கருவியை உறைய வைப்பவை, தரவைச் சிதைப்பவை முதலில். பெயர்களும் காலியிடங்களும் பற்றியவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரலில் அப்படிப்பட்டவை அதிகம் இல்லை என்பதே அவருடைய நேர்த்திக்குச் சான்று.

எல்லாவற்றையும்விடச் சொல்லக் கடினமான குறிப்பு ஒன்று உண்டு; அதை எழுத்தில் வேண்டாம், நேரில் கேளுங்கள். சிப்பில் இருப்பது 16550ஏ போன்ற யூஆர்ட் என்றால், 900 வரியில் புதிய டிரைவர் எதற்கு? லினக்ஸ் 1991இல் ஒரு டெர்மினல் எமுலேட்டர் வேலையிலிருந்து வளர்ந்தது. சீரியல் போர்ட் அதன் முதல் நாட்களிலிருந்தே உடன் இருக்கிறது. 8250 டிரைவரில் நான் மேலே சொன்ன ஒவ்வொரு குழியையும் யாரோ ஒருவர் விழுந்து எழுந்து மூடியிருக்கிறார்கள். டிசைன்வேர், ஓமாப், மீடியாடெக் ஆகிய சிப் வகைகளின் யூஆர்ட்டுகள் எல்லாம் தங்களுக்கே உரிய விசித்திரங்களை மட்டும் ஒரு சிறு கோப்பில் எழுதி, மற்றதற்கு 8250யின் பொதுப்பகுதியையே சார்ந்திருக்கின்றன. டிசைன்வேரில், யூஆர்ட் வேலையாக இருக்கும்போது லைன் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் எழுதினால் எழுதிய மதிப்பு புறக்கணிக்கப்பட்டு அதற்கென்று ஓர் இன்டரப்டும் வரும். அவ்வளவு வினோதமான சிப்புக்கே தனி டிரைவர் தேவைப்படவில்லை. மெயின்லைனில் பராமரிப்பாளர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். அவரிடம் சரியான காரணம் இருக்கலாம். இருந்தால் அது பேட்ச்சின் விளக்கத்தில் முதல் பத்தியில் இருக்க வேண்டும். இல்லையென்றால், வெளியார் கேட்பதற்கு முன் நீங்கள் கேட்டதற்கு அவர் நன்றி சொல்வார், அன்றைக்கே இல்லாவிட்டாலும்.

உங்கள் பெயரை ரிவியூ செய்தவர் என்று சேர்ப்பது பற்றி: கெர்னலில் அந்த வரிக்குத் திட்டமான பொருள் உண்டு. தொழில்நுட்ப முறையில் பரிசீலித்தேன், எழுப்பிய ஐயங்களுக்கு நிறைவான பதில் கிடைத்தது, எனக்குத் தெரிந்து இதைத் தடுக்கும் குறை எதுவும் இல்லை என்று நீங்கள் உலகுக்குச் சொல்கிறீர்கள். டிஎம்ஏ பகுதியைப் படிக்கவில்லை என்றால் அதைத் தனிப் பேட்ச்சாகப் பிரிக்கச் சொல்லி, படித்தவற்றுக்கு மட்டும் பெயரைக் கொடுங்கள். 900 வரியை ஒரே பேட்ச்சாக அனுப்பக் கூடாது என்பதற்கு அதுவே நல்ல காரணம்.

நாளை அலுவலகம் போனதும் முதல் வேலையாக ஆசிலோஸ்கோப்பை எடுத்து, 2400 வேகத்தில் ஒரே ஒரு செய்தியை அனுப்பி, ஆர்டிஎஸ் கோடு எந்த இடத்தில் திரும்புகிறது என்று பாருங்கள். அந்தப் படத்தை அவரிடம் காட்டியே பேச்சைத் தொடங்கலாம். அந்தப் பழைய மீட்டரை இதற்குள் யாரும் தூக்கிப்போட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். திருத்திய டிரைவரைச் சோதிக்க உங்களுக்கு அது வேண்டும்.